ஆண்டிறுதி விடுமுறைக்கும் அன்பளிப்புக்கும் தமிழ் நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிற்பகுதியில் பள்ளிகள் விடுமுறைக்கு மூடப்பட்டு மழையும் வலுக்கத் தொடங்கியதும், எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாதம் ஒருமுறை கூடும் சிறிய வாசிப்புக் குழுவிடம் நாவல்களைப் பற்றிய கேள்விகள் பெருகிவிடும். அம்மாவுக்கு என்ன வாங்கலாம், அக்காள் மகனுக்கு எது பொருந்தும், அலுவலகத்தில் பரிசு மாற்றிக்கொள்ளும் நாளுக்குத் தமிழ் நாவல் ஏற்குமா என்று ஆண்டுதோறும் கேட்கப்படுபவற்றுக்கு, நாங்கள் படித்தவற்றையும் கொடுத்துப் பார்த்தவற்றையும் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சிங்கப்பூரில் குளிர்காலமே இல்லாதபோது ஆண்டிறுதி வாசிப்பைத் தனியாகப் பேசுவது ஏன்?

நமக்குப் பனி இல்லை; ஆனால் வடகிழக்குப் பருவமழை உண்டு. டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் பிற்பகல்கள் நாள் கணக்கில் மழையிலேயே கழிகின்றன. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். பெரியவர்களும் மிச்சமிருக்கும் விடுப்பை அப்போதுதான் எடுக்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட இரண்டு மூன்று மாதங்களில் கிறிஸ்துமசும் புத்தாண்டும் வந்துவிடுவதால், அன்பளிப்பு கொடுக்கும் சந்தர்ப்பங்களும் இந்தக் காலத்திலேயே குவிகின்றன. முந்நூறு பக்க நாவலை விட்டு விட்டுப் படிக்காமல் நான்கு நாள்களில் தொடர்ச்சியாகப் படித்து முடிக்க வேறெந்த மாதமும் இவ்வளவு இடம் கொடுப்பதில்லை.

டிசம்பரில் கடைக்குப் போய் "புதிய நாவல்" என்று கேட்டால், வந்து ஓராண்டு ஆனவற்றையே எடுத்துக் காட்டுகிறார்களே?

அது கடைக்காரரின் குறையன்று. தமிழ்ப் பதிப்புலகின் ஆண்டுக் கணக்கு சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டியே ஓடுகிறது. 1977ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தக் காட்சி பொங்கலையொட்டி நடைபெறுவதால், பெரும்பாலான புதிய நாவல்கள் டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும்தான் அச்சகத்திலிருந்து வெளிவருகின்றன. அவை கப்பலிலோ, ஊருக்குப் போய் வருபவரின் பெட்டியிலோ சிங்கப்பூர் வந்து சேர இன்னும் சில வாரங்கள் பிடிக்கும். எனவே டிசம்பரில் இங்கே கிடைக்கும் "புதியது" என்பது சென்ற ஜனவரியில் வெளிவந்ததாகத்தான் இருக்கும்.

இதை ஒரு வசதியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். வந்து ஓராண்டான நாவலை நாலு பேர் படித்திருப்பார்கள், விமரிசனம் வந்திருக்கும், நண்பர் ஒருவர் பாதியில் நிறுத்தியிருந்தால் ஏன் நிறுத்தினார் என்று விசாரிக்க முடியும். மணம் மாறாத புத்தகம்தான் வேண்டுமென்றால், தீபாவளிக்கோ கிறிஸ்துமசுக்கோ அவசரப்படாமல், ஜனவரியில் சென்னை செல்லும் உறவினரிடம் பட்டியல் கொடுத்துவிடுங்கள். பல பதிப்பகங்கள் இப்போது சில நூறு பிரதிகளாகவே அச்சிடுவதால், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் மறுபதிப்புவரை காத்திருக்க நேரலாம்.

பரிசு கொடுப்பதற்கு நாவலைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பெறுபவர் கடைசியாக முழுதாகப் படித்து முடித்த தமிழ்ப் புத்தகம் எது என்பதைப் பாருங்கள். ஆசிரியரின் புகழ், அட்டையின் அழகு, பரிசுப்பட்டியல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறிலிருந்து. பல ஆண்டுகளுக்கு முன், பெரியம்மா மகளின் புதுமனைக்கு எண்ணூறு பக்க நாவல் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த நேரத்தில் நான் படித்தவற்றிலேயே சிறந்தது அதுதான். அடுத்த தீபாவளிக்கு அவள் வீட்டுக்குப் போனபோது, தொலைக்காட்சிக்குப் பக்கத்து அலமாரியில் மெல்லிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் அது நின்றிருந்தது. அவள்மீது குற்றமில்லை. பள்ளியில் தமிழை இரண்டாம் மொழியாகப் படித்து, இருபது ஆண்டுகளாக அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே எழுதிப் பேசி வந்தவளுக்கு, வட்டார வழக்கு மிகுந்த அந்த நடையில் ஒரு பக்கத்தைக் கடப்பதே பெரும்பாடு என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. எனக்குப் பிடித்ததைக் கொடுத்தேனே தவிர, அவளுக்கு எது பிடிக்கும் என்று கேட்கவில்லை. மறு ஆண்டு பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'யைக் கொடுத்தேன். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த சிறிய நாவல் அது. குட்டி ஆடு ஒன்றின் வாழ்வை நேரான, தெளிவான நடையில் சொல்வது. இரண்டு வாரத்தில் தொலைபேசியில் அழைத்து, அந்த ஆட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாள்.

ஆகவே எங்கள் குழுவில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறோம். பெறுபவர் தமிழில் ஒரே மூச்சில் எத்தனை பக்கம் படிப்பார்? வட்டார வழக்கு அவருக்கு நெருக்கமா, தொலைவா? இப்போது அவர் மனநிலை எப்படி இருக்கிறது? மூன்றாவது கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

சாகித்திய அகாதெமி விருது பெற்றதை வாங்கினால் தவறாதல்லவா?

தரம் பெரும்பாலும் தவறாது, பொருத்தம் தவறலாம். இமையத்தின் 'செல்லாத பணம்' 2020ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்ற நாவல். உடலில் தீப்பட்ட இளம்பெண் ஒருத்தியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுக் குடும்பம் தவித்துக் காத்திருக்கும் நாள்களே அதன் பெரும்பகுதி. படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு வலுவான எழுத்து. ஆயினும் அண்மையில் மருத்துவமனையில் நாள்களைக் கழித்த குடும்பத்துக்கு அதைப் பண்டிகைப் பரிசாகக் கொடுக்கக் கூடாது. பெருமாள்முருகனின் 'பூக்குழி'யையும் இப்படித்தான் சொல்வேன். சாதி மாறி மணந்த இளம் தம்பதியை ஊர் என்ன செய்கிறது என்பதே கதை என்பதால், மணமக்களுக்கு அதைத் திருமணப் பரிசாகத் தரவே வேண்டாம்.

பண்டிகைக் காலத்துக்கு நான் துணிந்து பரிந்துரைப்பவை மூன்று. 2018ஆம் ஆண்டின் விருதைப் பெற்ற எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்', கரிசல் வட்டார நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றியது. சிராங்கூன் சாலைக் கோவில்களில் மேளச் சத்தத்தைக் கேட்டபடியே கடந்துபோகும் நாம், அதை வாசிப்பவரின் முகத்தை எத்தனை முறை நிமிர்ந்து பார்த்திருப்போம்? நாவலைப் படித்த பிறகு நான் நின்று கேட்கத் தொடங்கினேன். 2019ஆம் ஆண்டின் விருதைப் பெற்ற சோ. தர்மனின் 'சூல்', உருளைக்குடி என்னும் ஊரின் கண்மாயையும் அதைச் சுற்றிய வாழ்வையும் சொல்கிறது. ஊர்க்கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது விருந்து. தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' 2023ஆம் ஆண்டுக்கானது. கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பம் ஒன்றில் இறப்பு நிகழ்ந்த வீட்டில் உறவுகள் ஒன்றுகூடுவதில் தொடங்கினாலும், அது துயரத்தை மட்டுமே பேசும் நாவல் அன்று. விட்டுப்போன உறவு மீண்டும் ஒட்டுவதைச் சொல்லும் நாவல். தலைப்பு, "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்று தொடங்கும் 192ஆம் புறநானூற்றுப் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த முதல் வரியை இங்கே மேடைதோறும் கேட்டிருக்கிறோம். பாட்டின் உள்ளே ஆற்று நீரோடு போகும் புணையை, அதாவது தெப்பத்தை, நினைப்பவர் குறைவு. நாவலை முடித்துவிட்டு அந்தப் பாட்டை முழுதாகப் படியுங்கள்.

நம் வட்டாரத்தைக் களமாகக் கொண்ட நாவல்கள் உண்டா?

நிறைய உண்டு. என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான்.

மு. ராஜேந்திரனின் 'காலா பாணி'யிலிருந்து தொடங்கலாம். 2022ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்த நாவல், மருது சகோதரர்கள் 1801இல் தூக்கிலிடப்பட்ட பின், சிவகங்கைச் சீமையைச் சேர்ந்தவர்கள் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட வரலாற்றைச் சொல்கிறது. அவர்கள் கப்பலேறிய 1802ஆம் ஆண்டு, ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைப்பதற்கு 17 ஆண்டுகள் முந்தையது. மலாயாவுக்கு வந்த தமிழர் என்றதும் ரப்பர்த் தோட்டத்தையே எண்ணும் நமக்கு, அதற்கு வெகு முன்பே அரசியல் கைதிகளாக வந்தவர்களை இந்த நாவல் அறிமுகப்படுத்துகிறது. வரலாற்றில் ஈடுபாடுள்ள அப்பாக்களுக்கு இதைவிடப் பொருத்தமான பொங்கல் பரிசு எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் பெற்ற மா. இளங்கண்ணனின் 'வைகறைப் பூக்கள்', ஜப்பானியர் ஆட்சிக்காலத்தை நம் மக்களின் கண்வழியாகக் காட்டும் நாவல். புதியது அன்று, ஆனால் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த பலர் அதைப் படித்ததில்லை என்பதால், அவர்களுக்கு அது புதிய நாவல்தான். அதே காலத்தின் மிகக் கொடிய அத்தியாயத்தை மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' நாவலில் எழுதியிருக்கிறார். சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942–43இல் போடப்பட்ட ஏறத்தாழ 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களில் திரும்பி வராதவர்கள் ஏராளம். போர்க்கைதிகளாகிய வெள்ளையர்களின் துன்பம் உலகறியச் சொல்லப்பட்டுவிட்டது. நம்மவர் கதைக்கு இப்படிச் சில நூல்களே சாட்சி. வீட்டில் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ அந்தப் பாதைக்குப் போனதாகப் பேச்சு இருக்குமானால், இந்த நாவலை அந்த வீட்டில் ஒருவராவது படிக்க வேண்டும்.

ஏற்கெனவே நிறையப் படித்தவருக்கு என்ன கொடுப்பது என்று திகைப்பவர்களுக்கு, ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைச் சொல்வேன். 1972இல் வெளிவந்த அது, மேடானும் பினாங்கும் போர்க்காலத்தில் இருந்த நிலையை, செட்டியார் கடைப் பேச்சும் சங்கப் பாட்டும் கலந்து வரும் நடையில் எழுதியது. முதல் ஐம்பது பக்கம் பிடிபடாது, பிடிபட்டபின் விடாது.

மலேசியாவின் ம. நவீன் எழுதிய 'பேய்ச்சி' 2019இல் வெளிவந்தது. தோட்டப்புற வாழ்வின் இருண்ட பகுதிக்குள் அச்சமின்றி நுழையும் நாவல் என்பதால், முதிர்ந்த வாசகர்களுக்கு மட்டும் கொடுங்கள். 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு அதைத் தடைசெய்தது. ஜோகூர் உறவினருக்கு எடுத்துச்செல்லும் பைக்குள் அதை வைக்க வேண்டாம்.

பேரப்பிள்ளைகள் தமிழ் நாவல் படிக்கவே மாட்டேன் என்கிறார்கள். அவர்களுக்கு என்ன கொடுப்பது?

எங்கள் குழுவில் நன்றாகப் பலித்த வழி ஒன்று இருக்கிறது. ஒரே நாவலின் தமிழ் மூலத்தைத் தாத்தா பாட்டிக்கும், ஆங்கில மொழிபெயர்ப்பைப் பேரப்பிள்ளைக்கும் இணையாகப் பரிசளிப்பது. பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி' இதற்கு ஏற்றது. நிலம் பிரிக்கும்போது ஏமாற்றப்பட்ட இளைய மகன் ஒருவன், மனைவி மக்களுடன் புதிய மண் தேடிப் புறப்படும் கதை அது. ஜனனி கண்ணன் செய்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு இந்தியப் புனைகதைக்குத் தரப்படும் ஜேசிபி இலக்கியப் பரிசை 2023ஆம் ஆண்டில் பெற்றது. புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களில் இந்தக் கதை தானாகவே பேச்சைத் தொடங்கி வைக்கும். 'வைகறைப் பூக்க'ளுக்கும் இங்கேயே வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. பேரனுக்குப் பள்ளியில் வரலாற்றுப் பாடம் இருக்கும் ஆண்டில் அதைக் கொடுத்தால், பாட்டியிடம் கேட்க அவனுக்கே கேள்விகள் வரும்.

தமிழ் நாவலை ஆங்கிலத்தில் படிப்பது தமிழைக் கைவிடுவதாகாதா என்று குழுவில் ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். கதையே தெரியாமல் இருப்பதைவிடக் கதை தெரிந்திருப்பது நல்லது என்பது என் எண்ணம். கதைமாந்தரின் பெயர்கள் வீட்டில் புழங்கத் தொடங்கிவிட்டால், சாப்பாட்டு மேசையில் பேச்சு தமிழுக்கு வந்துவிடுகிறது.

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தமிழிலேயே படிக்கக்கூடிய நாவல் எது?

உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடி அகழாய்வைப் பின்னணியாகக் கொண்ட இந்தச் சிறுவர் நாவல் 2023ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்றது. வைகைக் கரையில் மண்ணுக்கடியில் கிடைத்த பானையோட்டில் தமிழ் எழுத்து இருந்தது என்பதே பிள்ளைகளை ஈர்க்கப் போதுமானது. 2025ஆம் ஆண்டின் அதே விருதைப் பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வையும் தொடக்கநிலை மேல்வகுப்பு முதலே கொடுக்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: நாவலைக் கொடுத்துவிட்டு, அதிலிருந்து கருத்தறிதல் கேள்வி கேட்காதீர்கள். விடுமுறையில் வந்த புத்தகம் துணைப்பாடமாக மாறிவிட்டால், அடுத்த புத்தகத்தைப் பிள்ளை தொடாது.

படம் பார்த்த பிறகு பலரும் 'பொன்னியின் செல்வன்' கேட்கிறார்கள். எந்தப் பதிப்பை வாங்குவது?

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால், பல பதிப்பகங்கள் பல விலைகளில் வெளியிட்டிருக்கின்றன. முழு நாவல் ஐந்து பாகம். சுருக்கப்பதிப்பை முழுமையானது என்று எண்ணி வாங்கிவிடாமல், பாகங்களின் எண்ணிக்கையையும் எழுத்தின் அளவையும் திறந்து பாருங்கள். மலிவுப் பதிப்புகளில் எழுத்து பொடியாக இருக்கும். ஐந்தையும் ஒன்றாகக் கொடுத்தால் மலைப்பாக இருக்கும் என்று தோன்றினால், முதல் பாகத்தை மட்டும் கொடுத்து, முடித்ததும் அடுத்ததைத் தருவதாகச் சொல்லுங்கள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் காத்திருந்து படித்தவர்களுக்கு வாய்த்த அனுபவத்தில் ஒரு துளியாவது அப்படிக் கிடைக்கும்.

தங்குவிடுதியில் வசிக்கும் வெளிநாட்டு ஊழியருக்கு நாவல் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். இங்கே கட்டுமானத் துறையிலும் கப்பல் பட்டறையிலும் பணியாற்றும் தமிழர் பலர் நம்மைவிட வேகமாகத் தமிழ் படிப்பவர்கள், எழுதுபவர்களும் உண்டு. அவர்களிடம் இல்லாதது நேரமும் இடமும்தான். கட்டிலுக்கும் பெட்டிக்கும் மேல் இடமில்லாத அறையில் தடித்த நூல் சுமையாகிவிடும் என்பதால், இருநூற்றைம்பது பக்கத்துக்குள் அடங்கும், பேருந்திலும் லாரியிலும் பிரித்துப் படிக்கக்கூடிய காகித அட்டைப் பதிப்பே நல்லது. நீங்கள் படித்து முடித்த நல்ல பிரதியைக் கொடுத்தாலும் குறையில்லை. முன்கூட்டியே ஊரைக் கேட்டுவிடுங்கள். கரிசல்காட்டுக்காரருக்குச் 'சூ'லின் பேச்சுமொழி தாய்வீட்டுக் குரல். தஞ்சைப் பக்கத்தவருக்கு அது வேறு சுவை.

பார்வை குறைந்துவரும் மூத்தோர் எப்படிப் படிப்பது?

மின்னூலாகக் கொடுங்கள். அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டிலில் 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து தமிழ் நூல்கள் முறையாகக் கிடைக்கின்றன. எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். கருவியைப் பொதி பிரித்து, எழுத்தைப் பெரிதாக்கி, முதல் நாவலையும் ஏற்றிவைத்த பிறகே கையில் கொடுங்கள்.

விலை கொடுத்து வாங்குமுன் படித்துப் பார்க்க வழி உண்டா?

தேசிய நூலக வாரியத்தின் பொது நூலகங்களில் தமிழ்ப் பிரிவு இருக்கிறது. இரவல் காலம் 21 நாள். விடுமுறையில் ஒரு நாவலுக்கு அது போதும். லிப்பி (Libby) என்னும் செயலி வழியாக நூலகத்தின் தமிழ் மின்னூல்களையும் இலவசமாகப் படிக்கலாம். நான் பரிசளிக்கும் எந்த நாவலையும் முதலில் நூலகப் பிரதியில் முழுதாகப் படித்துவிட்டே வாங்குகிறேன். ஐம்பதாம் பக்கத்தில் சிறப்பாக இருந்து, இருநூறாம் பக்கத்தில் பெறுபவரை நோகச் செய்யும் காட்சி வரக்கூடும்.

பொதி கட்டுவதிலும் முதல் பக்கத்தில் எழுதுவதிலும் கவனிக்க வேண்டியவை எவை?

மழை மாதங்களின் ஈரத்தில் தாள் பூஞ்சை பிடிக்கும். முன்னதாக வாங்கி வைப்பவர்கள் குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல், ஈரமுறிஞ்சும் பொட்டலம் ஒன்றுடன் மூடிய பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையை நீங்களே பிரித்துவிட்டுக் கொடுங்கள். பிரிக்கப்படாத உறை, படிக்காமல் வைத்திருக்க ஒரு சாக்காகிவிடுகிறது. முதல் பக்கத்தில் நாள், இடம், உங்கள் பெயர், ஏன் இந்த நாவலை அவருக்கென்று எடுத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் போதும். வாழ்த்துப் பாடல் தேவையில்லை.

இந்த ஆண்டு நீங்கள் யாருக்கு எதைக் கொடுக்கிறீர்கள்?

சிவகங்கைப் பக்கம் பூர்வீகம் என்று அடிக்கடி சொல்லும் சித்தப்பாவுக்குக் 'காலா பாணி'. கோவிலில் நாதஸ்வரம் கேட்பதற்காகவே வெள்ளிக்கிழமை தவறாமல் போகும் பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் 'சஞ்சாரம்', பெரிய எழுத்தில், மின்னூல் கருவியோடு. உயர்நிலை ஒன்றுக்குப் போகவிருக்கும் அக்காள் பேத்திக்கு 'ஆதனின் பொம்மை'. பெரியம்மா மகளுக்கு 'ஆளண்டாப் பட்சி'யின் தமிழ்ப் பிரதியும், அவள் மகனுக்கு ஆங்கிலப் பிரதியும். அந்த எண்ணூறு பக்க நாவலைப் போன மாதம் அவளே கேட்டு எடுத்துப் பிரித்திருக்கிறாள். இப்போது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறாளாம்.